முருகனுக்கு நேர்ந்த முடி

என்னைப் பற்றி எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் இரண்டு பேச்சு உலவுகிறது. பச்சைக் குழந்தையின் தலையைச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டி வடிவம் பண்ணுகிறவள் என்பது ஒன்று. சும்மா தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வந்தவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து போவார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கிளப்பிவிட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய்தான். ஒற்றைத் தலைவலி என்று என்னிடம் வந்து, துணிக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி குறட்டை விட்டவர். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

என் தொழிலுக்குக் கிரேனியல் ஆஸ்டியோபதி என்று பெயர். பெயர்தான் பல்லை உடைக்கும், வேலை மென்மையானது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் என் அறை. பெரியவர்கள் கட்டிலில் படுத்துக்கொள்வார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையிலும் தலையை ஏந்திக்கொள்வேன். அழுத்துவதில்லை, நெட்டி முறிப்பதில்லை, எண்ணெய்கூடக் கிடையாது. ஒரு வெற்றிலையின் கனம்தான் கையில் இருக்க வேண்டும். குழந்தைகள் என்றால் அம்மா மடியில் வைத்தே பார்ப்பேன், பால் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

எங்கள் குடும்பம் செட்டிநாட்டிலிருந்து வந்து இந்தத் தீவில் கொடுக்கல் வாங்கலில் காலூன்றிய குடும்பம். பேங்கில் உட்கார வேண்டியவள் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கல்யாண வீடுகளில் இன்னமும் சொல்வார்கள். கழுத்துவலிக்காரர் ஒருவரின் பாதத்தை நான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட என் சித்தப்பா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாயே என்றார். அவருக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டபோது முதல் ஆளாக மாடியேறி வந்தார். ஒவ்வொரு படிக்கும் முருகா முருகா என்றார். நான் மேலே நின்று சிரித்ததோடு சரி.

தொழிலைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். எனக்குக் கற்பித்தவர்கள், மண்டையோட்டு எலும்புகள் மூச்சு விடுவதுபோல மெல்ல அசையும் என்றார்கள். மருத்துவர்களில் பலர் அதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் எந்தக் கொடியும் பிடிப்பதில்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், என் கட்டிலில் படுத்த கொஞ்ச நேரத்தில் தாடையைத் தளர்த்துகிறாள். பரீட்சை பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை, போகும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகிறது. அழுதுகொண்டே வந்த கைக்குழந்தை தூங்குகிறது, அதைப் பார்த்து அம்மாவும் தூங்குகிறாள். இதற்கு மேல், நோயைக் குணமாக்குவேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோவாகப் பல வருஷம் இருந்துவிட்டு இதற்கு வந்தவள் நான். எது என் கைக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்கு வேலை வந்தது ஒரு மழைநாளில். அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பெர்ரியில் வந்திருந்தார்கள். அவளுக்கு முப்பது வயதிருக்கும், அவன் ஓரிரு வயது கூட. பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்டு வேலை. மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை அவள் தோளில் அழுதுகொண்டிருந்தது. பிறந்து மூன்று மாதம்.

"அக்கா, இவன் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறான். தலை வேற கொஞ்சம் நீட்டமா இருக்கு. நீங்க கை வச்சா சரியாயிரும்னு பாசார்ல ஒரு அக்கா சொன்னாங்க" என்றாள்.

குழந்தையின் தலையைப் பார்த்தேன். தலை எங்கே தெரிந்தது? காடு மாதிரி முடி. கண்ணில் விழாமல் இருக்க ஒரு சின்ன கிளிப் போட்டிருந்தார்கள்.

"இதைக் கொஞ்சம் வெட்டிவிடக் கூடாதா, தம்பி? இந்தப் புழுக்கத்துல அதனாலேயே தூக்கம் வராது."

"ஐயோ, தொட மாட்டோம்கா. முருகனுக்கு நேர்ந்த முடி. தைப்பூசத்துல தண்ணிமலையில எறக்கணும்."

சரி என்று அவள் மடியில் வைத்தபடியே கையை வைத்தேன். முடிக்கு அடியில் விரல்கள் போனதும் எனக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மூன்று மாதக் குழந்தையின் தலையில் என் கை எதிர்பார்ப்பது ஒன்று, அங்கே இருந்தது வேறு. நெற்றிக்கு மேலே உச்சிக்குழி இருக்க வேண்டிய அகலத்தில் இல்லை. அதன் பின்னாலிருந்து பிடரி வரைக்கும் நடு உச்சியில் நேராக ஒரு மேடு. பக்கவாட்டில் தலை ஒடுங்கி இருந்தது.

அவள் கணவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"கையில பட்டுச்சாக்கா? அது வேல்லா" என்றான்.

"என்னது?"

"முருகன் போட்ட வேல். பொறக்கும்போதே இருக்கு. அஞ்சு வருசமா புள்ள இல்லாம, ஒவ்வொரு தைப்பூசமும் காவடி எடுத்து வாங்கின புள்ளக்கா இவன். தடவிப் பாருங்க, தண்டு மாதிரி நேரா போவும். வேல் இருக்கட்டும். அந்த நீட்டத்த மட்டும் கொஞ்சம் உருட்டி விடுங்க, போதும்."

கர்வமாகச் சொன்னான். ஒரு தகப்பன் அப்படிச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்து இல்லை என்று சொல்வதற்கு நெஞ்சு வேண்டும். என்னிடம் அது உண்டு. ஆனால் அதற்குள் நடந்த காரியம்தான் வினையாகப் போயிற்று. என் கை தலையில் இருந்ததாலோ, அழுது களைத்ததாலோ, குழந்தை கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

"பாத்தியா, பாத்தியா" என்று மனைவியின் தோளைத் தட்டினான் அவன். "கை வச்சதும் தூங்கிட்டான். டாக்டரெல்லாம் வேணாம்னு நான் சொன்னேன்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி அளந்து பாத்துட்டு, பெரிய டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்கக்கா. இவருதான் அப்பறம் பாக்கலாம்னாரு."

நான் கையை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். என் வீட்டில் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

"தம்பி, நல்லா கேட்டுக்குங்க. பொறந்த புள்ளைக்கு மண்டை ஒரே எலும்பா இருக்காது. தனித்தனி தகடா இருக்கும், நடுநடுவுல இடைவெளி விட்டிருக்கும். உள்ள மூளை வளர வளர அந்த இடைவெளிதான் இடம் குடுக்கும். இவனுக்கு நடு உச்சியில அந்த இடைவெளி சீக்கிரமே மூடிக்கிச்சுன்னு என் கை சொல்லுது. பக்கத்துல வளர முடியாம தலை முன்னயும் பின்னயும் நீளுது. நீட்டமே அதனாலதான். ஒண்ண வச்சிக்கிட்டு ஒண்ண மட்டும் எடுக்க முடியாது."

"அப்ப நீங்க கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி..."

"ஒட்டின எலும்ப என் கை பிரிக்காது. யார் கையும் பிரிக்காது. பிரிப்பேன்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட புள்ளயக் குடுக்காதீங்க."

"இப்பத் தூங்கினானே?"

"தூக்கம் வேற, எலும்பு வேற."

அவர்கள் முன்னாலேயே எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரை போனில் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவர், நான் அவசரம் என்றால் ஏன் என்று கேட்க மாட்டார். அந்த வாரமே வரச் சொன்னார். அவன் முகம் சுருங்கிவிட்டது. குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்பி வந்தோம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். படியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை. பாய் கடையிலிருந்து வந்த சோறு அப்படியே ஆறிப் போயிற்று.

பத்து நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். ஸ்கேன் எடுத்தாயிற்று. நான் சொன்னதேதான். அறுவை மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியிருக்கிறார். எலும்பு மெல்லிசாக இருக்கும் இந்தச் சில வாரங்களுக்குள் செய்தால் சுலபம், வளர விட்டால் இன்னும் பெரிய அறுவை. உள்ளே மூளைக்கு நெருக்கடி வந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் குறை குறைதான். அவள் அதையெல்லாம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவரு தைப்பூசம் கழிச்சுத்தான்கிறாருக்கா. ஆப்பரேஷன்னா முடிய எடுத்துருவாங்களாம். மொத முடி முருகனோடது, ஆஸ்பத்திரி குப்பைத்தொட்டியில போடவான்னு கேக்குறாரு. எனக்குத் தாங்கல, தாஹான் பண்ண முடியலக்கா."

தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது.

நான் யார் வீட்டுக்கும் போய் வைத்தியம் பேசுகிறவள் இல்லை. வேண்டியவர்கள் படியேறி வரட்டும் என்பது என் கொள்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொள்கையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் பெர்ரி ஏறினேன். பாகான் டாலாமில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காவடி எடுக்கிறவர் வீடு என்றதும் ஒரு கடைக்காரர் கை காட்டிவிட்டார். முன்னறையில் முருகன் படம், அலமாரிக்கு மேலே பிளாஸ்டிக்கில் சுற்றிய மயிலிறகுகள், கீழே விரிப்பில் குழந்தை. அவன் வாங்க என்றான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான், குழந்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் மருத்துவம் பேசவில்லை. அதை மருத்துவர் படம் போட்டே சொல்லிவிட்டார். என் வீட்டிலும் பூஜையறை உண்டு. நகரத்தார் வீட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீர்மலை முருகனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"தம்பி, முருகன் தைப்பூசத்துக்கு மட்டும்தான் கோயில்ல இருப்பாரா?"

"அப்படி இல்லக்கா."

"கார்த்திகைக்கு இருக்காரு. சஷ்டிக்கு இருக்காரு. சாதா செவ்வாய்க்கிழமைக்கு என்ன குறை? இந்தச் செவ்வாய்க்கிழமையே முடியை எறக்குங்க. மொத முடி அவருக்குப் போயிரும். அதுக்கப்பறம் ஆஸ்பத்திரியில மழிக்கிறது வெறும் முடி."

அவன் யோசித்தான். இல்லையென்று தலையசைத்தான். "நேர்ந்தது தைப்பூசத்துக்குக்கா. சொன்ன சொல்ல மாத்துனா சாமி குத்தம் ஆயிரும். குடுத்த புள்ளய அவரே திருப்பி எடுத்துக்கிட்டாருன்னா?"

அவன் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பிடிவாதம் என்று நினைத்தது முழுக்க முழுக்கப் பயம். குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அதே பயம்தான் எனக்கும். 

அவனுக்குப் பதில் சொன்னது அவள். குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள்.

"நேர்ந்தது யாரு?"

"என்ன?"

"காவடி எடுக்கிறேன்னு நேர்ந்தது நீங்க. எடுத்துட்டீங்க, உங்க கடன் முடிஞ்சுருச்சு. முடி எறக்குறேன்னு நேர்ந்தது நானு. லேபர் ரூம்ல, வலி வந்து கெடக்கும்போது, புள்ள நல்லபடியா வெளிய வந்தா மொத முடி உனக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தைப்பூசம்னு நான் சொல்லல. அது நீங்களா சேத்துக்கிட்டது."

 நேர்த்திக்கடன் என்பது நேர்ந்தவர் வாய்க்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது, மூன்றாம் ஆள் அதில் ஒரு வார்த்தை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. காவடி எடுத்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?  இருந்தும் கடைசியாக ஒரு முட்டுக்கட்டையைப் போட்டுப் பார்த்தான்.

"தாய்மாமன் மடி இல்லாம எப்படி எறக்குறது? உங்கண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு. தைப்பூசத்துக்குத்தான் லீவு."

"எங்கண்ணன் வீடியோவுல இருப்பாரு" என்றாள் அவள். அப்புறம் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "மடிக்கு அக்கா வருவாங்க."

என்னைக் கேட்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பல பட்டங்கள் வாங்கியிருக்கிறேன். தாய்மாமன் பட்டம் மட்டும் பாகான் டாலாமில் ஒரு வெயில்நேரத்தில் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர்மலையில் கூட்டமில்லை. படியேறுவதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் மூச்சு எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுக்கிறவள், ஆயிரம் இடத்தில் நின்று நின்று ஏறினேன். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். முகத்தில் ஈயாடவில்லை. வர மாட்டேன் என்று சொல்லாமல் வந்தானே, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முடி இறக்குபவர் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே, "தாய்மாமன் எங்கம்மா?" என்று கேட்டார்.

அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் ஏதோ ஒரு மூலையில், தலையில் மஞ்சள் தொப்பியோடு அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "மாமா இங்க இருக்கேன்டா, மாமாவப் பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தார். "இதோ இருக்காரு. மடி மட்டும் இவங்க மடி" என்றாள் அவள். முடி இறக்குபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலம் அப்படி என்று நினைத்திருப்பார்.

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். தலையில் தண்ணீர் பட்டதும் வீறிட்டது. கத்தியைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, என் அறையில் செய்கிறதையே செய்தேன். பிடரியை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரல்களைக் காதோரம் வைத்து, ஒரு வெற்றிலையின் கனத்துக்கு மேல் போகாமல் பிடித்தேன். என் மூச்சை முதலில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை விம்மலாயிற்று, விம்மலும் நின்றது. கத்தி ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போக வேண்டியபோது, கை மாற்றித் தலையைத் திருப்பிக் கொடுத்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எலும்பைப் பிரிக்க முடியாத கையால், ஒரு கீறல் விழாமல் முடி இறக்கத் தலையைப் பிடித்துக் கொடுக்க முடிந்தது. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட திருப்தி இந்தத் தொழிலில் அதற்கு முன்னால் ஏற்பட்டதில்லை.

"மருந்து ஏதும் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார் முடி இறக்குபவர். "வாரத்துக்கு ஒருக்கா இங்க வந்துருங்க, எனக்கு வேல சுளுவா முடியும்." போனில் தாய்மாமன் சத்தமாகச் சிரித்தார்.

தலையைக் கழுவித் துடைத்ததும் சந்தனக் கிண்ணத்தை அவனிடம் கொடுத்தார்கள். அப்பாதான் பூச வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் குனிந்து, உள்ளங்கை நிறையச் சந்தனத்தை எடுத்து நெற்றிக்கு மேலே வைத்துப் பின்னால் இழுத்தான். கை பாதியில் நின்றுவிட்டது. முடி இருந்தவரை அவன் விரலால் தடவிப் பார்த்தது மட்டும்தான். இப்போது காலை வெளிச்சத்தில் மேலேயிருந்து பார்த்தான். நடுவில் ஏறியிருந்த மேடு, இரண்டு பக்கமும் ஒடுங்கிய மண்டை, முன்னாலும் பின்னாலும் பிதுங்கி நீண்ட தலை. ஒட்டிய இடம் எது, இடமில்லாமல் தவிக்கிற இடம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கையை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். குழந்தையின் தலை அவன் விரல்களுக்குள் ஒரு மாங்கொட்டை மாதிரி இருந்தது.

என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"இது அவன நெருக்குதாக்கா?"

"ஆமா தம்பி."

மீதிச் சந்தனத்தை அவன் மெல்ல மெல்லப் பூசினான். மேட்டின் மேல் வரும்போது மட்டும் கையைத் தூக்கிக்கொண்டான், வலிக்குமோ என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அழுகிறதை அவள் அண்ணன் மட்டும்தான் பார்த்தார், போனில்.

கீழே இறங்கியதும் கோயில் வாசலில் நின்றே மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் கேட்டது அவன்தான்.

அறுவை நடந்த அன்று நான் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. தைரியமான ஆள் என்று பெயர் வாங்கியவள், மாடியறையில் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மாலையில் அவள் ஒரு படம் அனுப்பினாள். கண்ணெல்லாம் வீங்கி, தலையில் பெரிய வெள்ளைக் கட்டோடு குழந்தை பால் புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பதில் எழுதினேன். பாய் கடையில் இரண்டு மீன் துண்டு வைத்துச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

தைப்பூசத்தன்று வழக்கம்போல் தண்ணீர்மலைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் பந்தல்களின் ஒலிபெருக்கிகளைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். பெரியவர்கள் செவிடாகட்டும், குழந்தைகளின் காது என்ன பாவம் செய்தது? சாலையெல்லாம் உடைத்த தேங்காய். கோயில் அடிவாரத்தில் கரும்புத் தொட்டில்களின் வரிசை நின்றது. அதில் ஒன்றின் முன்முனை அவன் தோளில் இருந்தது. பின்முனையைச் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் தாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் மஞ்சள் துணிக்குள் குழந்தை உட்கார்ந்தே வந்தது, படுக்க மாட்டேன் என்று. அவள் பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முடி ஒரு விரற்கடைக்கு வளர்ந்திருந்தது. அதற்குள்ளே ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நெளிந்து போகும் தழும்பு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை, தொப்பி போடவில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, புள்ளைக்குத் தலையில?" என்று கேட்டாள்.

"முன்னாடி வேல் இருந்துச்சும்மா" என்றான் அவன். "இப்ப முருகன் திரும்ப எடுத்துக்கிட்டாரு."

மணிக்கணக்கில் நின்று அறுவை செய்த மருத்துவரின் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கணவனுக்குக் கண் காட்டினாள். அவன் திரும்பி, தோளில் கரும்போடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அக்கா, ஒருக்கா கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். உள்ளங்கையில் உருண்டையாக உட்கார்ந்தது. பக்கங்கள் அகன்றிருந்தன. நடு உச்சியில் மேடில்லை, புது எலும்புக்கு இடம் விட்ட மென்மை இருந்தது. குழந்தை அண்ணாந்து என்னைப் பார்த்துவிட்டு, கரும்பைக் கடிக்க முயன்றது.

என் கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் எடுக்க மனம் வரவில்லை. பின்னால் வந்த காவடிக்கு வழி விடச் சொல்லி யாரோ கத்தும்வரை வைத்திருந்தேன்.